சிப்பித்தீவு வாசிகசாலையும் என் இடது சப்பாத்தும்

சிப்பித்தீவு வாசிகசாலைக்குக் கல்வீடு கட்டி முடிந்துவிட்டது. வருகிற தை மாதம் திறப்புவிழா. அதற்கு மலர் ஒன்று போடுகிறார்களாம். வாசிகசாலையின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஸ்தாபகர் நான்தான் என்பதால். என் புகழை இரண்டு பக்கத்தில் பாடுவது எனக்குக் கஷ்டமில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் எப்போதோ எழுதி, நாலைந்து தடவை திருத்தி, மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். மலருக்கு அது போகட்டும். இது அதற்குள் அடங்காத மிச்சம்.

மட்டக்களப்பு வாவிக்குள் ஐம்பத்தெட்டு வீடுகள் உள்ள சின்னத் தீவு எங்களுடையது. ஒரு பிள்ளையார் கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு வேதக்கோயில், சுற்றிவரச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்ணாமரம், எண்ண முடியாத நண்டு. ஆண்கள் வலை போடுவார்கள். பெண்கள் இறால் உரிப்பார்கள், பாய் இழைப்பார்கள். இந்த இரண்டுக்கும் உதவாத ஒரே ஆள் நான். அலையே இல்லாத வாவியில், தோணி அசைந்ததும் வாந்தி எடுப்பவன் எங்கள் ஊரில் வேறு யாருமில்லை.

என் பெயர் தோமஸ். பட்டணத்தில் படித்து, சோதனையில் இரண்டு தடவை தோற்று, 1929ஆம் ஆண்டு ஊர் திரும்பினேன். தோற்ற கதையை யாருக்கும் சொல்லவில்லை. முடிவு இன்னும் வரவில்லை என்றுதான் சொன்னேன். ஊரார் நல்லவர்கள், ஒரு வருடம் விசாரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பட்டணத்தில் படித்தவன் என்பதற்காக 'மாஸ்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளைக்குக்கூட நான் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் அந்தப் பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டணத்திலிருந்து நான் கொண்டுவந்தவை பதினொரு புத்தகங்களும் ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்தும். தீவில் சப்பாத்துப் போட்டு நடந்தவன் நான்தான். சேற்றில் அது புதைந்தால், சுற்றிவரப் பார்த்துவிட்டு, கையால் இழுத்தெடுத்துத் திரும்பவும் போட்டுக்கொள்வேன். புத்தகங்களைத் தோணிக்கொட்டில் ஒன்றில் அடுக்கி, வாசலில் 'வாசிகசாலை' என்று பலகை எழுதி மாட்டி, நானே காரியதரிசியும் ஆனேன். ஊருக்கு அறிவு வளர்க்கத்தான் அதைத் தொடங்கினேன் என்று மலரில் இருக்கும். கதிரை போட்டு உட்கார எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது, அதனால்தான் தொடங்கினேன்.

நாலு வருடம் கழித்து, கரையில் உள்ள வாசிகசாலை உதவிச் சங்கம் ஒன்று கண்ணாடி அலுமாரி ஒன்றும் எண்பத்துமூன்று புத்தகங்களும் தந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. 'புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்' என்ற முதல் வரியை வாசித்து, மடித்துப் பைக்குள் வைத்தேன். எதையும் கடைசிவரை வாசிக்கிற பழக்கம் எனக்கில்லை. கடிதம் என்றால் முதல் வரி, புத்தகம் என்றால் முதல் இருபது பக்கம். அந்த இருபது பக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பேசுவேன்.

இரவல் கொடுக்க ஒரு கொப்பி கட்டினேன். சிவப்பு மையால் ஏழு கோடு கீறி, இலக்கம், திகதி, பெயர், தகப்பன் பெயர், ஒப்பம் என்று அழகாகத் தலைப்புப் போட்டேன். முதலாவதாக வந்தவர் கரைக்கும் தீவுக்கும் தோணி விடுகிற உசனார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், நாலு வீடு கூடி இருந்து கேட்கும். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். உசனார் கொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், ஒப்பம் வைக்க எனக்கு ஏலாது. இத வைச்சிட்டுப் போறன்" என்று மடியிலிருந்து ஒரு மிதப்புக்கட்டையை எடுத்தார்.

வலை தாழாமல் பிடித்திருக்க அதில் கட்டுகிற முள்முருக்கங்கட்டைதான் மிதப்பு. எங்கள் தீவில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மிதப்பில் ஒரு குறி வெட்டியிருப்பார்கள். உசனாருடையது ஒரு பிறை. வலை எங்கே கிடந்தாலும் மிதப்பைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம். அவர் எடுத்த புத்தகத்தின் வெற்றிடத்தில் அந்தக் கட்டையைச் செருகிவிட்டுப் போனார். மறுநாள் இன்னொருவர் மூன்று கோடு வெட்டிய மிதப்போடு வந்தார். ஒரு வருடத்துக்குள் அலுமாரியில் பாதி புத்தகம், பாதி மிதப்பு. என் கொப்பியில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. அலுமாரியைத் திறந்தால் மீன் மணம் குப்பென்று வரும். நான் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

புஸ்பக்கா வந்தது அதற்குப் பிறகுதான். அவவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. புருஷன் இறந்தபின் வலையை விற்றுவிட்டு, ஒரே ஒரு மிதப்பை மட்டும் வைத்துக்கொண்டவ. முக்கோணத்துக்கு நடுவில் ஒரு புள்ளி அதில் வெட்டியிருக்கும். என் யன்னலுக்குக் கீழே இருந்து இறால் உரித்துக்கொண்டே, பலகையிலும் புத்தக அட்டைகளிலும் உள்ள எழுத்துகளைக் காட்டி, "இது என்ன தம்பி?" என்று கேட்பா. பன்னிரண்டு எழுத்துவரை சொல்லிக் கொடுத்தேன். பிறகு எனக்கு அலுத்துவிட்டது. மிச்சத்தைச் சவர்க்காரப் பெட்டியிலிருந்தும் பாலபாடத்திலிருந்தும் அவவே படித்துக்கொண்டா. மலரில் 'முதியோர் கல்வி' என்று ஒரு பந்தி வருகிறது. அது இந்தப் பன்னிரண்டு எழுத்து.

1938இல் அவ எடுத்துப் போனது ஒரு தடித்த புத்தகம். பூட்டிய அறைக்குள் ஒரு ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார் என்று துப்பறிகிற நாவல். எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசிப்பா. மாதம் ஐந்தாகியும் புத்தகம் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் முக்கோண மிதப்பு மட்டும் இருந்தது. படிக்கத் தெரியாத மனிசி சும்மா வைத்திருக்கிறா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆவணி மாதம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இளையதம்பி என்ற அதிகாரி வியாழக்கிழமை வாசிகசாலையைப் பார்வையிட வருகிறார். முதல் வரி அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புத்தகம் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கத்தான் வருகிறார், வேறு எதற்கு? உசனாரைத் தீவைச் சுற்றித் தோணி விட்டுக் கூவச் சொன்னேன். எல்லாப் புத்தகமும் புதன்கிழமைக்குள் திரும்பி வர வேண்டும்.

வந்தன. செதில் ஒட்டியது, வெற்றிலைக் கறை பட்டது, அடையாளத்துக்கு இறால் மீசை வைத்தது என்று எல்லாம் வந்தன. அறுபத்தொரு மிதப்பையும் சாக்கில் கட்டி, அப்பாவின் ஆட்டுக்கொட்டிலுக்குள் தள்ளினேன். புத்தகங்களைத் துடைத்து, பசை காய்ச்சி, மண்ணிறக் கடதாசியில் உறை போட்டேன். தொண்ணூற்றுநாலில் ஒன்று குறைந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புஸ்பக்காவின் வளவுக்குப் போனேன்.

வளவில் இருபது இருபத்தைந்து பெண்கள் இருந்தார்கள். எல்லாருடைய கையும் இறாலில் அல்லது பாயில். மடியில் புத்தகத்தை விரித்து, விரலை வரியில் ஊன்றி, புஸ்பக்கா வாசித்துக்கொண்டிருந்தா. நான் போய் நின்றதும் நிறுத்தினா.

"இன்னும் பன்ரெண்டு பக்கம் கிடக்கு தம்பி. பன்ரெண்டு நாள் பொறுக்க ஏலாதா?"

"நாளைக்கு அதிகாரி வாறார் அக்கா. அவர் போனதும் நானே கொண்டுவந்து தாறன்."

"ஆர் கொன்றதெண்டு தெரியாம இவளுகளுக்கு நித்திரை வராது."

"அதுக்கென்ன, நான் வாசிச்சிட்டன்தானே? வேணுமெண்டா இப்பவே சொல்லிவிடுறன்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, இறால் கையோடு அத்தனை பெண்களும் காதைப் பொத்தினார்கள். பாய் இழைத்துக்கொண்டிருந்த ஆயிஷா உம்மா, "அல்லாவுக்காகச் சொல்லிராதீங்க மாஸ்டர்! அஞ்சு மாசமாக் காத்துக் கிடக்கிறம்" என்று கத்தினா. புஸ்பக்கா நிறுத்திய பக்கத்தில் அடையாளத்துக்குப் பாய் இழைக்கிற பன்புல் ஒன்றை வைத்து மூடி, இரண்டு கையாலும் புத்தகத்தைத் தந்தா. அந்தப் புல்லையும் நான் உருவி எறிந்தேன், அலுமாரிக்கு அழகில்லை என்று.

வியாழக்கிழமை இளையதம்பி அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், கையில் குடை. அலுமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தொண்ணூற்றுநாலு புத்தகமும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் நிற்பது போல எனக்கே தோன்றியது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அவர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். பசை இன்னும் காயவில்லை.

"இண்டைக்கு எத்தினை புத்தகம் வெளியில போயிருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்டுகூட இல்ல சேர்!"

"போன மாதம்?"

"எப்பவும் எல்லாம் உள்ளுக்குத்தான் சேர். ஒண்டும் அசையாது."

கொப்பியைக் கேட்டார். சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒரு எழுத்தும் இல்லையே?" என்றார்.

"கொப்பியும் அப்பிடியே பத்திரமா இருக்கு சேர்" என்றேன்.

ஒரு தரம் மூக்கைச் சுளித்து, மீன் மணக்கிறதே என்றார். வாவிக்காற்று என்று சொல்லி யன்னலைச் சாத்தினேன். அவர் தன் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு, என் கையைக் குலுக்கிவிட்டுத் தோணி ஏறினார்.

அடுத்த நாளே புத்தகங்களைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. வரிசையாக நின்ற அந்த அலுமாரியைக் கலைக்க எனக்கு ஆசை வரவில்லை. இன்னும் இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். கேட்டு வந்தவர்களிடம் வருகிற கிழமை என்றேன். புஸ்பக்கா மூன்று தடவை வந்து திரும்பினா. பத்தாம் நாள் சங்கத்தின் கடிதம் வந்தது. 'தங்கள் வாசிகசாலையைப் போல் புத்தகங்கள் இவ்வளவு கசங்காமல் இருப்பதை நாம் எங்கும் கண்டதில்லை' என்று தொடங்கியது. துறைக்குப் போய், நின்றவர்களுக்கு அந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

கடிதம் வந்த மூன்றாம் நாள் கரையிலிருந்து ஒரு பெரிய வள்ளம் மரப்பெட்டிகளோடு வந்தது. எதற்கு என்று கேட்டேன். வந்தவர்கள் என்னிடமிருந்த கடிதத்தையே வாங்கி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். வாசிப்பார் இல்லாத இடத்தில் புத்தகங்கள் இருப்பதில் பயனில்லை. ஆகவே அவை களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் வாசிப்பார் மிகுந்த ஒரு கிராமத்துக்கு மாற்றப்படுகின்றன. அதிகாரி வருவதாகச் சொன்ன முந்தின கடிதத்தையும் தேடி எடுத்து வாசித்தேன். எந்த ஊரில் அதிகம் இரவல் போகிறது என்று பார்க்கவே அதிகாரி வருகிறார் என்று இரண்டாவது பந்தியில் தெளிவாக இருந்தது.

அவர்கள் பெட்டி கட்டினார்கள். என் சொந்தப் பதினொன்றையும் சேர்த்தே கட்டினார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே உறை போட்டவன் நான்தானே. ஊர் முழுக்கத் துறையில் நின்று பார்த்தது. யாரும் என்னை ஏசவில்லை. உசனார் மட்டும், "என்ட மிதப்பு உங்கட்டக் கிடக்கு மாஸ்டர். புத்தகம் எங்க?" என்று கேட்டார். புஸ்பக்கா வள்ளம் மறையும்வரை நின்றா. பிறகு என் பக்கம் திரும்பி, "பன்ரெண்டு பக்கம், தம்பி" என்றா. சோதனையில் தோற்ற அன்றுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆட்டுக்கொட்டிலில் கிடந்த மிதப்புச் சாக்கைத் தூக்கிக்கொண்டு உசனாரின் தோணியில் ஏறினேன். வழியில் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். கரையில் சங்கக் கந்தோருக்குப் போய், அதிகாரியின் மேசையில் சாக்கை அவிழ்த்துக் கொட்டியதும், அறை முழுக்க மீன் மணத்தோடு ஆட்டு மணமும் எழும்பியது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து விறாந்தைக்குப் போனார்.

"இதுதான் சேர் எங்கட இரவல் கொப்பி" என்றேன். "நீங்க வந்த அண்டைக்கு இத நான் ஒளிச்சுப்போட்டன்."

"ஏன்?"

"வெக்கமா இருந்திச்சு. மணக்குதெண்டு."

அவர் ஒரு கட்டையை எடுத்து, இது யார் என்றார். உசனார், கப்பற்பயணக் கதை, இரண்டாம் தரம். இது? கனகசிங்கத்தார், வாகடம், மாட்டுக்கு மருந்து பார்க்க. அறுபத்தொன்றையும் எடுத்தார். அறுபத்தொன்றுக்கும் ஆளையும் புத்தகத்தையும் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்த காலத்தில் இதெல்லாம் என் தலைக்குள் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் முக்கோணமும் புள்ளியும் வந்தது.

"இவ ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசிப்பா. இருபத்தைஞ்சு பேர் கேப்பினம். பன்ரெண்டு பக்கம் மிச்சம். நான் பறிச்சிட்டன்" என்றேன்.

இளையதம்பி அந்தக் கட்டையை உருட்டிப் பார்த்தார். பிறகு தமிழில் ஒரு கடிதம் எழுதி, "ஊரைக் கூட்டி வாசியும்" என்று தந்தார். என் வாழ்நாளில் நான் கடைசிவரை வாசித்த முதல் கடிதம் அது. வரும் வழியில் தோணியில் வைத்து வாசித்தேன். புத்தகங்கள் திரும்ப வரும். ஆனால் கடைசி வரி இப்படி இருந்தது: 'காரியதரிசியை ஊரார் மாற்ற வேண்டும்.'

பின்னேரம் ஊர் கூடியது. சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் ஏறி நின்று வாசித்தேன். புத்தகங்கள் வருகின்றன என்றதும் எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். காரியதரிசி வேலை போனால் இந்தத் தீவில் நான் யார்? வாந்தி எடுக்கிற ஒரு மனிதன். கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் அன்று வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு வரியை விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? "இங்ஙனம், இளையதம்பி" என்று முடித்துக் கடிதத்தை மடித்தேன்.

"இஞ்ச தாங்க தம்பி, நானும் ஒருக்காப் பாப்பம்" என்று புஸ்பக்கா கை நீட்டினா.

அவவை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. அவ கடிதத்தை மடியில் விரித்து, விரலை ஊன்றினா. உதடு அசைந்துகொண்டே இருந்தது. விரல் ஒவ்வொரு எழுத்தாக இறங்கியது. கால்மணித்தியாலம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை, அந்த வாசிப்புக்கு அவர்கள் பழகியவர்கள். கடைசி வரியில் விரல் நின்றது. திரும்பப் பின்னுக்குப் போய், இன்னொரு தரம் வந்தது.

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. முகத்தில் கோபம் இல்லை.

"ஒரு வரி மிச்சம் கிடக்கு தம்பி. நீங்க வாசிக்கிறீங்களா, நான் வாசிக்கட்டா?"

நான் இறங்கிப் போய், அவவின் விரல் இருந்த இடத்திலிருந்து அந்த வரியை வாசித்தேன். சத்தமாகத்தான் வாசித்தேன். பிறகு, "புஸ்பக்காவையே போடுங்க" என்றும் நானே சொன்னேன். பெருந்தன்மையால் அல்ல. கடைசிவரை வாசிக்கிற ஆள் ஊரில் வேறு யாரும் என் கண்ணில் படவில்லை.

புத்தகங்கள் வந்தன. புஸ்பக்கா முதல் வேலையாக உறைகளை உரித்தெறிந்தா. எது எது என்று தெரியவில்லையாம். சாக்கிலிருந்த மிதப்பெல்லாம் அலுமாரிக்குத் திரும்பின. மிச்சப் பன்னிரண்டு பக்கத்தையும் பன்னிரண்டு நாள் தன் வளவில் வாசித்தா. நானும் போனேன். சும்மா இருந்தால் வெட்கம் என்று இறால் உரித்தேன். பன்னிரண்டாம் நாள் கொலைகாரனின் பெயரைக் கூட்டி வாசித்தபோது, வளவு முழுக்க "ஆ!" என்றது. எல்லாரையும்விட உரத்து "ஆ!" என்று கத்தியவன் நான்.

ஆயிஷா உம்மா திரும்பிப் பார்த்தா. "நீங்க முந்தியே வாசிச்ச ஆளெல்லுவா மாஸ்டர்?" என்று கேட்டா.

நான் தலையைக் குனிந்து இறாலை உரித்தேன். பெண்கள் சிரித்த சிரிப்பு கரைவரை கேட்டிருக்கும். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். முடிவு வராத என் சோதனையைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர்களுக்கு அது முந்தியே தெரியுமாம்.

மறுநாள் அதே நாவலை இரவல் கேட்டுப் போனேன், முதலிலிருந்து வாசிக்க. புஸ்பக்கா கையை நீட்டினா. "மிதப்பு?"

"எனக்கு ஏது அக்கா மிதப்பு? வலை இல்லையே."

"ஊரில எல்லாருக்கும் ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? உங்கட ஆளெண்டு தெரியிற சாமான் ஒண்டு வைச்சிட்டு எடுங்க."

என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பிறகு குனிந்து இடது சப்பாத்தைக் கழற்றி, வெற்றிடத்தில் வைத்தேன். ஒற்றைச் சப்பாத்தோடு நடப்பது அழகில்லை என்று மற்றதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சேறு சில்லென்று இருந்தது.

ஒன்பது வருடமாகிறது. திறப்புவிழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருவதால், அலுமாரியில் உள்ள கட்டைகளையும் 'பழைய சப்பாத்தையும்' அப்புறப்படுத்தி, புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும்படி விழா நடத்துகிறவர்களிடமிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. புஸ்பக்கா அதைக் கடைசிவரை வாசித்து, மடித்து, என்னிடம் தந்தா. என்ன செய்யலாம் என்று கேட்டா.

"நான் இன்னும் முடிக்கல்ல அக்கா. நாப்பது பக்கம் கிடக்கு. சப்பாத்து அங்கயே இருக்கட்டும்" என்றேன்.